படத்தம்மாவின் தாலி

உங்களுக்கு வெள்ளைக் கோட்டும் பூதக்கண்ணாடி வைத்த விளக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். பழைய ஓவியங்களைச் செப்பனிடும் இந்த வேலையில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு மேசை விளக்கும், அதை இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும் என்ற தகவலும்தான். இப்போது ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு 'அனுபவம் சொல்லுங்கள்' என்கிறீர்கள். எந்த மருந்தை எத்தனை பங்கு கலப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் மதியத் தூக்கத்துக்குத் துணை போக மாட்டேன். குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு வீட்டில், ஒரு படத்தின் முன்னால், நான் கழித்த ஒரு பகலைப் பற்றிச் சொல்கிறேன்.

மார்கழி மாதம். சம்பாக் கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. சிவஞானம் என்று ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். தங்கள் வீட்டில் பரம்பரையாக ஒரு பெண்ணின் எண்ணெய் ஓவியம் இருக்கிறது, அடைமழையில் ஓடு ஒழுகிப் படத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, உடனே வந்து பார்க்க வேண்டும் என்றார். இப்படி அழைப்பு நிறைய வரும். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் காலண்டர் படமாக இருக்கும். அலுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினேன்.

காலண்டர் இல்லை. சாமி அறையின் சுவரில், ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டுதான், படம் வரைந்த துணி நெய்த விதமும் வண்ணம் வெடித்திருந்த விதமும் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிட்டன. அந்தக் காலத்தில் தஞ்சாவூர் அரண்மனைப் பக்கம் வந்துபோன வெள்ளைக்கார ஓவியன் எவனோ வரைந்தது. மாநிறத்தை வரைந்து பழக்கமில்லாதவன் என்பது கன்னத்தில் தெரிந்தது, திணறியிருக்கிறான். ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள கன்னப்பொறிக்கு வரும்போது ஆளுக்குப் பிடிபட்டுவிட்டது. பழுப்புக்கு அடியில் ஒரு துளி பச்சையை ஓடவிட்டிருக்கிறான், அந்த இடத்தில் ரத்தம் ஓடுகிற தோலே தெரிகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆனால் அந்த முகத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் வேறு ஒரு கை விளையாடியிருந்தது. நம் ஊர்த் தஞ்சாவூர்ப் படங்களில் சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்து மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக் ஒட்டி, கண்ணாடிக் கல் பதிப்பார்கள் அல்லவா? அதே வேலை, வெள்ளைக்காரனின் எண்ணெய் ஓவியத்தின் மேலேயே. காதில் தங்கத் தோடு, மூக்கில் கல் மூக்குத்தி, நெற்றியில் குங்குமப் பொட்டு, உடம்பில் அரக்குச் சிவப்புப் புடவை, மார்பில் கட்டைவிரல் பருமனில் ஒரு தாலி. மழைத் தண்ணீர் அந்தத் தாலியின் அடியில் புகுந்திருந்தது. தாலி ஒரு பக்கம் பெயர்ந்து, பல் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"இதுதான் மேடம் எங்க படத்தம்மா," என்றார் சிவஞானம். அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய வியர்வை. "எங்க வீட்டுல எந்தக் கல்யாணமா இருந்தாலும் மஞ்சக் கயித்த இவங்க தாலில ஒரு தடவ தொட்டு எடுத்துட்டுத்தான் மண்டபத்துக்கே போவோம். படத்தம்மா தொடாத கயிறு எங்களுக்குத் தாலியே இல்லீங்க. தையில என் பொண்ணு கல்யாணம். ரெண்டு நாள்ல ஒட்டிக் குடுத்துட முடியுமா?"

"ரெண்டு நாள் எதுக்குங்க அவசரம்? தைக்கு இன்னும் நாள் இருக்கே."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகள் வித்யா, சீர்காழியில் வேளாண் அலுவலர். கணவன் பைக் விபத்தில் போய்விட்டான். இப்போது கூட வேலை பார்க்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள முன்வந்திருக்கிறார். இரண்டு குடும்பத்துக்கும் சம்மதம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சிவஞானத்தின் அக்கா ராஜாமணி. விதை நெல் எடுப்பதிலிருந்து நெல்லை மூட்டை பிடித்து ஏற்றுவது வரை அந்த வீட்டில் அவர் வார்த்தைதான் சட்டம். "ஒரு தடவ அறுத்த தாலிய படத்தம்மா மறுபடி தொட மாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மழை விட்ட காலையில் இந்த அறையின் வாசற்படியில் நின்று படத்தைப் பார்த்திருக்கிறார். தாலி ஆடியிருக்கிறது.

"'பாத்தியாடா, அவளே அவுத்துக் காட்டுறா'ன்னு சொல்லிட்டாங்க மேடம். சொந்தக்காரங்க பாதிப் பேரு பயந்துட்டாங்க. விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போறதுக்குள்ள இத ஒட்டிடணும். இல்லேன்னா கல்யாணம் நின்னுடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒழுகும் ஓடுகளை மாற்றாமல் விட்டது இவர்கள், சகுனம் என்று பழி சுமப்பது உயிரோடிருக்கும் ஒரு பெண். ஒரு பசைப் புட்டியில் முடிகிற வேலை, முடித்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று சட்டத்தைக் கழற்றிப் படத்தை அந்த அறையிலேயே ஒரு மேசையில் படுக்க வைத்தேன். அங்கேதான் முதல் அடி விழுந்தது.

சட்டம் மூடியிருந்த ஓரத்தில் புடவை சிவப்பாக இல்லை. விரற்கடை அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. சட்டத்தின் கோடு எங்கே முடிந்ததோ அங்கேதான் அரக்குச் சிவப்பு தொடங்கியது. அதாவது, படம் சட்டத்துக்குள் இருந்தபோது யாரோ அதன்மேல் சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வரைந்தது வெள்ளைப் புடவை.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். நான் பசைப் புட்டியை மூடி வைத்தேன். விளக்கைப் படத்துக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தேன். மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து துல்லியமாகத் தெரிந்தது. பொட்டும் மூக்குத்தியும்கூடப் பின்னால் வைத்தவைதான். ஆடிக்கொண்டிருந்த தாலியை இடுக்கியால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் கழுத்தும் மார்பெலும்பும் முழுசாக, அழகாக வரைந்து முடிக்கப்பட்டிருந்தன. ஒரு நகையை அங்கே வைக்க இடம் விட்ட அடையாளமே இல்லை. காதில் இருந்த தங்கத் தோடும் ஈரத்தில் ஊறித் தளர்ந்திருந்தது. அதையும் எடுத்தேன்.

என் வாழ்க்கையில் பல படங்களுக்கு அடியில் பலதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காதைப் பார்த்தபோது மட்டும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

பாரமான தோடு போட்டுப் போட்டு இழுபட்ட காது. மடல் தொங்குகிறது, துளை ஒரு கண் போல நீண்டு திறந்திருக்கிறது, அந்தத் துளைக்குள் பின்சுவரின் இருட்டுத் தெரிகிறது. தோடு இல்லை. நேற்றுவரை இருந்த தோடு இல்லை. அந்த ஊரில் எதை வரையலாம், எதை மறைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் எதிரே உட்கார்ந்திருந்தவளை, உட்கார்ந்திருந்தபடியே வரைந்துவிட்டான். பொட்டில்லாத, தாலியில்லாத, தோடு கழற்றிய, வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தியை. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய வீட்டுப் பெண், புருஷன் உயிரோடிருக்க, அப்படி உட்கார்ந்திருக்கவே முடியாது. படத்தம்மா கைம்பெண்.

நகையோடு பார்த்தபோது அவள் அம்மன் மாதிரி இருந்தாள், எல்லா அம்மனையும் போல. இப்போது முகம் வேறாகிவிட்டது. பார்வை ஓவியனின் மேல் இல்லை, அவன் தோளுக்கு அப்பால் எங்கேயோ வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. கீழ் உதட்டைக் கொஞ்சம் உள்ளே மடித்திருக்கிறாள். 'சீக்கிரம் முடி, எனக்கு வேலை இருக்கிறது' என்கிற முகம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை தலைமுறையாக அந்த வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் நடத்திவைத்தவள் இவள்தான்.

எட்டிப் பார்த்த சிவஞானம் பேயறைந்தவர் போல ஆனார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கதவைச் சாத்தினார்.

"மேடம், இத யாருக்கும் சொல்லாதீங்க. எல்லாத்தையும் பழையபடி ஒட்டிடுங்க. இப்ப, இந்த நிமிஷமே. ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? எங்க வீட்டுப் பொண்ணுங்க அத்தன பேரும் கட்டிக்கிட்டது ஒரு..." வார்த்தையை முடிக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒரே கொண்டாட்டம். பிற்காலத்து ஒட்டு வேலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அசல் வெளியே வரட்டும், இந்த மாதிரிப் படம் நம் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது என்றார்கள். இதுவும் அவசரம்தான், கொஞ்சம் படித்த அவசரம்.

அவசரப்பட்ட மூன்றாவது ஆள், அன்று வீட்டில் இருந்த வித்யா. சத்தம் கேட்டுப் பின்கட்டு வழியாக உள்ளே வந்தவள், மேசையில் கிடந்த தாலியையும் அந்தக் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வெறி பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம்தான் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அப்ப இவங்களும் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்டவங்கதானே? முன்னாடி தாலி இல்ல, அப்புறம் வந்திருக்கு. அத அத்தைகிட்ட சொல்லிடுங்களேன். நீங்க ஆபீசருங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரே ஒரு வார்த்த மேடம்."

இங்கேதான் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணின் வாழ்க்கை சரியாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை. தாலிக்கு அடியில் இருந்த வண்ணத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. சுண்ண மாவு அந்த வெடிப்புக்குள் இறங்கி இறுகியிருந்தது. எண்ணெய் வண்ணம் அப்படி வெடிக்க ஒரு ஆயுசு ஆகும். ஆக, தாலி கட்டப்பட்டபோது படம் கிழடு தட்டியிருந்தது, படத்தில் இருந்தவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியிருந்தது. அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னால் வந்தவர்கள், கைம்பெண்ணின் படத்தைச் சாமி அறையில் வைக்க மனசு வராமல், அவளைச் சுமங்கலி ஆக்கியிருக்கிறார்கள்.

"இல்லம்மா," என்றேன். "இது அவங்க போனதுக்கப்புறம் செஞ்ச வேலை. இல்லாதத நான் சொல்ல முடியாது."

வித்யாவின் முகம் செத்துப்போனது. என் கையை விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்த ஒரே கயிற்றையும் நான் அறுத்துவிட்டதாக அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்காகப் படத்தின் வாயில் ஒரு வார்த்தையைத் திணித்தால், நாளைக்குக் கெட்ட காரியத்துக்காக இன்னொருவர் திணிப்பார். படம் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல வேண்டும். சாத்தியிருந்த கதவைத் திறந்து, "உங்க அக்காவைக் கூப்பிடுங்க" என்றேன்.

சிவஞானம் தடுத்துப் பார்த்தார். அதற்குள் அவரே வந்துவிட்டார். ராஜாமணி அம்மாள் ஒல்லியானவர், நிமிர்ந்த முதுகு, வெளிறிய சாம்பல் நிறப் புடவை. வந்தவர் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா."

"நான் அந்தப் படிய தாண்ட மாட்டேன். தெரியாதா உங்களுக்கு? நான் அறுத்தவ. அவ முன்னாடி நான் நிக்கக் கூடாது." ஏதோ ஒரு நிலத்தின் சர்வே எண்ணைச் சொல்வது போல இதைச் சொன்னார். கல்யாணமான மறுவருஷமே பாம்பு கடித்துக் கணவன் போனதும் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அன்றிலிருந்து இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. எந்தக் கல்யாணத்திலும் கயிற்றைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூ கட்டி, இந்தப் படியில் வைத்துவிட்டு, வேறு யாராவது சாத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வித்யாவுக்குத் தடை சொன்னவர், அந்தத் தடையைத் தன் தலையில் ஆயுசுக்கும் சுமந்தவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, நான் சொல்றத நீங்க நம்ப வேணாம்," என்றேன். "நீங்களே பாருங்க. இத நீங்க பாக்காம நான் ஒட்டவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன்."

என்ன நினைத்தாரோ, படியைத் தாண்டினார். மேசையருகே வந்தார். நான் விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, முதலில் ஓரத்து வெள்ளைப் புடவையைக் காட்டினேன். பிறகு வெறும் கழுத்து. பூதக்கண்ணாடியைக் காதின் மேல் நகர்த்தினேன்.

ராஜாமணி அம்மாளின் கை தானாக மேலே போனது. தன் காதைத் தொட்டார். அந்தக் காதில் துளை தூர்ந்து, ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

"யாரு இவளுக்கு இதெல்லாம் மாட்டினது?"

"தெரியாதும்மா."

"இவ உசுரோட இருக்கும்போதா?"

"இல்ல. அவங்க போய் ரொம்ப காலம் கழிச்சு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் முழுக்கக் கோபம் ஏறியது. ஆனால் அது தம்பி மேல் இல்லை, என் மேலும் இல்லை. குனிந்து நேராகப் படத்திலிருந்தவளைப் பார்த்துக் கேட்டார்.

"அடிப்பாவி, நீயும் என்ன மாதிரிதானா? அங்க நின்னுக்கிட்டு நான் பூ கட்டிக் கட்டிக் குடுத்தேனேடி. ஒனக்குப் பயந்துதானே அந்தப் படியிலயே கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லிக்கொண்டே வலது கையை அப்படியே விரித்துப் படத்தின் கன்னத்தில் வைத்தார். வெறும் கை. வயலும் அடுப்பும் பார்த்த கை, வியர்வையும் எண்ணெயும் இருந்த கை. இருநூறு வருஷத்துக்கு மேலான வண்ணத்தின் மீது அழுத்தமாக இருந்தது. வெறும் கையால் மேற்பரப்பைத் தொடக்கூடாது, தொட விடவும் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நியாயம்தான். நானும் எத்தனையோ பேரிடம் வள்ளென்று விழுந்திருக்கிறேன். அன்றைக்கு விளக்கைப் பிடித்தபடி சும்மா நின்றேன். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு எந்தப் படிப்பும் உதவவில்லை. கை தானாக எழும்வரை காத்திருந்தேன்.

"அக்கா," என்று சிவஞானம் மெல்ல ஆரம்பித்தார். "இது வெளிய தெரிஞ்சா நம்ம மானம்..."

"நீ சும்மா இருடா."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எங்கள் அலுவலகம் எல்லா நகையையும் எடுத்துவிட்டு, பழைய படத்தை அப்படியே வெளிக்கொண்டுவரச் சொல்கிறது. வீட்டுக்காரர்கள் பழையபடி மூடச் சொல்கிறார்கள். இரண்டும் முடியும். படம் உங்களுடையது, உங்கள் முடிவு என்றேன்.

அவர் மறுபடி படத்தின் பக்கம் குனிந்தார். வித்யா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள், அத்தையின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"காத அப்படியே விட்டுடுங்க," என்றார் ராஜாமணி அம்மாள். "அது அவ காது. வர்றவங்க பாக்கட்டும். தாலிய மட்டும் ஒட்டுங்க."

எனக்கு விளங்கவில்லை. "தாலியும் அவங்களுது இல்லையேம்மா?"

"இல்லதான். செத்தவளுக்கே தாலி கட்டிப் பாத்த குடும்பம் இது." அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "உசுரோட நிக்கிற புள்ளைக்குக் கட்டறதுக்கு நமக்கு என்னடா வந்தது? கயித்த வாங்கிட்டு வா. நானே தொட்டு எடுத்துக் குடுக்கறேன்."